தரையில் இருக்க வேண்டிய பாட்டில்

அக்டோபர் 10, செவ்வாய்

தொழிற்சாலையில் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை. கேன்டீனுக்குப் பின்னால் எக்ஸ்ரே வேன் நின்றது. ஆய்வகத்துக்காரர்களின் முறை பதினொரு மணிக்கு என்றார்கள். பிளாண்ட் மேனேஜர் தன் ஆட்களை வரிசைக்கு முன்னால் நுழைத்துவிட்டதால் நான் உள்ளே போகும்போது மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அந்த மனிதருக்கு எல்லா வரிசையும் தன் வீட்டு வாசல்.

படம் எடுத்தவர் இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்றார். நான் அசைந்துவிட்டேனாம். நான் அசையவில்லை. இரண்டாவது படத்தைப் பார்த்ததும் என்னை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு இறங்கி ஓடினார். கம்பெனி டாக்டரோடு திரும்பி வந்தார்.

"சார், இங்க எப்படி வந்தீங்க?" என்றார் டாக்டர்.

"ஸ்கூட்டர்ல."

"மாடி ஏறுனீங்களா?"

"லேப் மூணாவது மாடி. ஏறாம?"

படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். இடது பக்கம் எல்லோருக்கும் இருப்பது போல. வலது பக்கம் விலா எலும்புகளுக்கு நடுவே வெறும் கறுப்பு. நுரையீரல், அலசிப் பிழிந்த துணி போலச் சுருண்டு ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. நுரையீரலின் உச்சியில் சிறு கொப்புளம் இருந்து உடைந்திருக்கும். காற்று கசிந்து நெஞ்சுக்கூட்டில் நிறைந்து நுரையீரலை அமுக்கிவிட்டது. உயரமாக, ஒல்லியாக இருக்கும் ஆண்களுக்கு வரக்கூடியது என்றார். நம் தொழிற்சாலைக் காற்றினால் இருக்குமா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். சொல்ல மாட்டார். சம்பளம் எங்கிருந்து வருகிறது?

சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை நான். பிளாண்ட் மேனேஜரின் சட்டைப்பையில் எப்போதும் பாக்கெட் இருக்கும். அவருடைய படம் தெளிவாம்.

இரண்டு வாரத்துக்கு முன் தண்ணீர் கேனைத் தூக்கும்போது விலாவில் சுருக்கென்றது. பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். வலியும் குறைந்தது. வேதியியலில் முதல் வகுப்பில் தேறியவன், நெஞ்சுக்குள் காற்றை வைத்துக்கொண்டு வெளியே தைலம் தேய்த்திருக்கிறேன்.

ஆம்புலன்ஸில் படுக்கவைத்துத்தான் அனுப்புவேன் என்று டாக்டர் பிடிவாதம். எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். ஸ்கூட்டரை ஷெட்டில் நிறுத்தச் சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். நிறுத்தியிருக்க மாட்டார்கள்.


அக்டோபர் 11, புதன்

நேற்று மாலை குழாய் போட்டார்கள். விலாவுக்கு இடையில் மரக்கவைத்து, கீறி, விரல் தடிமனுள்ள குழாயை நெஞ்சுக்குள் செலுத்தினார்கள். அதன் மறுமுனை கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் இருக்கும் பாட்டிலில், தண்ணீருக்கு அடியில் முடிகிறது. நெஞ்சில் தேங்கிய காற்று குமிழியாக வெளியேறும். வெளிக்காற்று உள்ளே புக முடியாது. ஆய்வகத்தில் இதே அமைப்பை எத்தனையோ தடவை நானே பூட்டியிருக்கிறேன்.

வார்டைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் ஜெசிந்தா சட்டம் படித்தாள். "பாட்டில் எப்பவும் தரையிலதான் இருக்கணும் சார். நெஞ்சுக்கு மேல தூக்குனா தண்ணி உள்ள போயிரும்."

"சைஃபன். டிரெய்னிகளுக்கு நான்தாம்மா அதைச் சொல்லிக்கொடுக்கேன்."

"அப்ப உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. கூட இருக்க யார் வாறா?"

"யாரும் இல்ல."

"அப்படிலாம் விட முடியாது சார். குழாயோட பாத்ரூமுக்கு எப்படிப் போவீங்க? வீட்ல யாரு?"

"கல்யாணம் பண்ணல."

கேட்காமலேயே என் கைப்பேசியை எடுத்தாள். "அக்கான்னு ஒரு நம்பர் கெடக்கு. போடவா?"

"வேண்டாம்."

போட்டுவிட்டாள்.

அந்த எண்ணை அழிக்க மறந்திருக்கிறேன். ஆறு வருடமாக.


அக்டோபர் 12, வியாழன்

முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்கள். புளியங்குடியிலிருந்து தூத்துக்குடிக்கு இரண்டு பஸ் மாறி, பத்து மணிக்குள்.

அக்கா வாசலில் நின்று வார்டு முழுக்கத் தேடினாள். என்னைத் தாண்டி அவள் பார்வை ஒருமுறை போய்த் திரும்பியது. தலை நரைத்திருக்கிறது, அவளுக்கு. எனக்கும்தான்.

"ஏல, என்ன இப்படி மெலிஞ்சுட்ட?"

நான் ஒல்லியாக இருப்பதுதான் இந்த நோய்க்குக் காரணமே என்று சொல்லியிருக்கலாம். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். குழாய் இழுத்தது. மறுபடி நேராகப் படுக்க வேண்டியதாயிற்று.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பது போல.

அத்தான் குற்றாலிங்கம் மட்டும் மாறவே இல்லை. புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் ஆர்லிக்ஸ் வாங்கி வருவார்கள். இவர் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு வந்திருக்கிறார்.

"வாரும் மாப்ள," என்றார், நான் ஏதோ அவர் வீட்டுக்கு வந்திருப்பது போல.


அக்டோபர் 13, வெள்ளி

அத்தான் ஊருக்குப் போய்விட்டார். அக்கா இருக்கிறாள். போகச் சொன்னேன். காது கேட்காதது போல என் விரல் நகங்களை வெட்டினாள்.


அக்டோபர் 15, ஞாயிறு

அத்தான் மறுபடி வந்தார். இன்றைக்குள் வார்டில் அவரைத் தெரியாதவர் இல்லை. ஜெசிந்தாவுக்குப் பழம், துப்புரவு செய்யும் அம்மாளுக்குப் பழம், லிஃப்ட்காரருக்குப் பழம். பக்கத்துக் கட்டில்காரர் அந்தோணி, மணப்பாட்டுக்காரர், நெஞ்சில் நீர் கோத்து வந்தவர். அவருக்கு ஊறுகாய் போடும் விதத்தையே விளக்கினார்.

ஆறு வருடமாகப் பேசாததன் காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன், யார் எப்போது கேட்டாலும் மாற்றிச் சொல்லாமல் இருக்க. அக்காவின் ஒரே மகள் கல்யாணிக்குத் திருமணம். நான் தாய்மாமன். தாய்மாமன் வீட்டுக்கு நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்து அழைப்பதுதான் முறை. எனக்குப் பத்திரிகை கூரியரில் வந்தது. பூட்டிய கேட்டின் கம்பியில் செருகியிருந்தது, கேபிள் பில் மாதிரி. நான் போகவில்லை. அவ்வளவுதான். இதில் என் மீது என்ன தப்பு?

அந்தோணி இன்று என்னைப் பார்த்து, "இவருதான் தாய்மாமனா?" என்று கேட்டுத் தொலைத்தார். அத்தானுக்கு அது போதாதா?

"தாய்மாமன்தான். ஆனா கல்யாணத்துல இவருக்குப் பதிலா நின்னது ஒரு தேங்கா."

"தேங்காயா?"

"ஆமாய்யா. தாய்மாமன் மாலை எடுத்துக் குடுக்கணும்னு ஐயரு கூப்புடுதாரு. இவங்க சித்தப்பா மகன் எந்திரிச்சு வாரான். எம் பொண்டாட்டி விடல. 'எந் தம்பி எடத்துல எவனும் நிக்கப்பிடாது'ன்னுட்டா. நேரமோ போகுது. ஐயரு பாத்தாரு. ஒரு செம்புல தேங்காய வச்சி, இவருக்குன்னு எடுத்து வச்ச வேட்டிய அதுக்குச் சுத்தி, மணவறைல உக்கார வச்சிட்டாரு. புள்ள அதுகிட்டதான் விழுந்து கும்பிட்டா."

அந்தோணி வாயைப் பொத்திக்கொண்டார்.

"குத்தம் சொல்லப்பிடாது, தங்கமான தேங்கா," என்று என் பக்கம் திரும்பினார் அத்தான். "ஒரு வார்த்த பேசல. எல எங்க போட்டிருக்கு, எனக்கு ஏன் ரெண்டாம் பந்தின்னு கேக்கல. உம்மவிட அது எவ்வளவோ மேல் வே."

"சும்மா இருங்களேன்," என்றாள் அக்கா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழாய் இருக்கும் இடத்தில் வலித்தது. அதனால் முகம் அப்படிப் போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்து அந்த வேட்டி என்ன ஆயிற்று என்று கேட்டேன். பீரோவில் இருக்கிறதாம்.


அக்டோபர் 17, செவ்வாய்

நுரையீரல் பாதிக்கு மேல் விரிந்திருக்கிறது. ஆனால் குமிழி நிற்கவில்லை. இருமினால் பாட்டில் கொதிக்கிறது. ஓட்டை இன்னும் அடைபடவில்லை என்று அர்த்தம் என்றார் டாக்டர் ஷமீமா. வயது முப்பதுக்குள்தான் இருக்கும். சத்தம் போடாமல் பேசுகிறார். அதுவே பயமாக இருக்கிறது.

மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து மூச்சை இழுத்துப் பந்துகளை ஏற்றச் சொல்கிறார்கள். ஒரு பந்து ஏறுகிறது. இரண்டாவது பாதி வரை வந்து விழுகிறது. அக்கா ஒவ்வொரு தடவையும் தானும் சேர்ந்து மூச்சை இழுக்கிறாள். அவள் இழுத்து என்ன ஆகப்போகிறது?

இன்று வார்டில் ஒரு ரகளை. அந்தோணியின் மனைவி, அவர் திணறுகிறார் என்று தானே ஆக்ஸிஜன் திருகைக் கூட்டி வைத்துவிட்டாள். ஜெசிந்தா பார்த்துவிட்டாள். "சாமானத் தொட்டா அட்டெண்டரே கெடையாதுன்னு முதல் நாளே சொன்னேன்ல?" துணைக்கு இருப்பவருக்குத் தரும் கார்டைப் பிடுங்கிக்கொண்டு அந்த அம்மாளை வெளியே அனுப்பிவிட்டார்கள். இனி மாலையில் பார்வையாளர் நேரத்தில் மட்டும்தான் வரலாம். அந்தோணி மதியச் சோற்றைத் தொடவில்லை. அக்கா போய்ப் பிசைந்து கொடுத்தாள்.

இப்படித்தான், விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் அவளிடம் சொன்னேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஆசிட் டேங்கின் வால்வை மூடாமல் போனது இப்போதைய பிளாண்ட் மேனேஜர். மெமோ எனக்கு வந்தது. செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். பதவி உயர்வு போயிற்று. போகட்டும். கையெழுத்துப் போடவில்லை.

அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தல ஒரே சிக்கா இருக்கு, எண்ண வைக்கட்டுமா?" என்றாள்.


அக்டோபர் 19, வியாழன்

குமிழி. எண்ணெய் வைத்தாள். தொழிற்சாலையிலிருந்து யாரும் வரவில்லை.


அக்டோபர் 21, சனி

டாக்டர் ஷமீமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசினார். செவ்வாய்க்கிழமை வரை பார்ப்போம். அதற்குள் கசிவு நிற்கவில்லை என்றால் மதுரைக்கு அனுப்பி அறுவை சிகிச்சைதான். நுரையீரலின் ஓட்டையைத் தைத்து, அதை நெஞ்சுச் சுவரோடு ஒட்டவைப்பார்கள். ஆபத்தா என்று அக்கா கேட்டாள். எல்லா ஆபரேஷனிலும் கொஞ்சம் உண்டு என்றார். மூன்று வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று நான் சொன்னேன். அது அக்காவுக்குத் தெரியாது. என்னைப் பார்த்தாள்.

டாக்டர் போன பிறகு என் போர்வையைச் சரிசெய்தாள். பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"நேர்ல வந்து பத்திரிக வைக்கணும்னுதான் கெளம்புனேன். தட்டெல்லாம் வாங்கிட்டேன்."

நான் பாட்டிலைப் பார்த்தேன்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். அதுக்கு முந்தின பொங்கலுக்கு சீரு வாங்க வந்தப்ப, வந்த நேரம் சரியில்லன்னு என்ன என்னல்லாம் சொன்ன. அவுக முன்னாலயே. உன் வாசல்ல வந்து நிக்கப் பயமா இருந்துச்சுல. வேற ஒண்ணும் இல்ல."

பஸ் நெரிசல், உடம்புக்கு முடியவில்லை, கூரியர்தான் இப்போது எல்லோரும் அனுப்புகிறார்கள் என்று ஏதாவது சொல்வாள் என்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் ஆறு வருடமாக வைத்திருந்தேன். பயம் அந்தப் பட்டியலில் இல்லை.

"தண்ணி குடு," என்றேன். கொடுத்தாள்.


அக்டோபர் 23, திங்கள்

குழாய் இழுக்காமல் இருக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆயுத பூஜை. காலையிலேயே வார்டு அமளிப்பட்டது. நர்ஸ்கள் மானிட்டர், வீல்சேர், ஊசி மருந்து ட்ரே எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். எக்ஸ்ரே அறை வாசலில் பூசணிக்காய் உடைத்தார்களாம். ஜெசிந்தாவே கழுத்தில் சிலுவையோடு வந்து எல்லோருக்கும் பொரியும் சுண்டலும் கொடுத்தாள். தரையை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள்.

குமிழி குறைந்திருந்தது. இருமினால் மட்டும் ஒன்றிரண்டு. அக்கா அதைப் பார்த்துவிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "நாளைக்கு நின்னுரும்ல. மதுரையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." உடம்பு துடைத்துவிட்டாள். அந்தச் சுகத்தில் கண் அசந்துவிட்டேன்.

நெஞ்சுக்குள் சில்லென்று ஏதோ ஓடியதில் விழித்தேன். இருமல். அடக்க முடியாத இருமல். கண்ணைத் திறந்தால், தலைமாட்டில், மருந்து வைக்கும் அலமாரியின் மேல், என் கண்ணுக்கு மேலே பாட்டில் இருக்கிறது. பளபளவென்று துடைத்திருக்கிறது. நடுவில் சந்தனம். அதன் மேல் குங்குமம். மூடியில் ஒரு மஞ்சள் செவ்வந்தி. குழாய்க்குள் தண்ணீர் என்னை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது.

பேச முடியவில்லை. கையைக் காட்டினேன். அக்கா பக்கத்தில் நின்றாள், கையில் சந்தனக் கிண்ணம். நான் பூவைக் காட்டுகிறேன் என்று நினைத்தாள்.

"நல்லாருக்கால?"

ஜெசிந்தா எங்கிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. ஒரு கத்தல். குழாயைக் கவ்வியால் இறுக்கிப் பாட்டிலைத் தரைக்கு இறக்கினாள். என்னை நிமிர்த்தி உட்காரவைத்தாள். டாக்டர் வந்தார். கவ்வியைத் திறந்தார்கள், போன தண்ணீரில் முக்கால்வாசி திரும்பி வந்தது என்றார்கள். பாட்டில் மாற்றினார்கள். ஊசி. மறுபடியும் படம்.

எல்லாம் அடங்கியதும் ஜெசிந்தா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"யாரு இத மேல தூக்கி வச்சது?"

அக்கா கழுத்தில் தொங்கிய அட்டெண்டர் கார்டை ஒரு கையால் பிடித்திருந்தாள். உதடு அசைந்தது. அந்தோணி தலையணையைப் பார்த்தார்.

"நான்தான்," என்றேன்.

"நீங்களா?"

"தரை கழுவுனாங்க. அழுக்குத் தண்ணி படுமேன்னு எடுத்து வச்சேன்."

"பொட்டு?"

"அதுவும் நான்தான்."

"பூவு?"

"ஆயுத பூஜைல்லா."

ஜெசிந்தா என் கையைப் பார்த்தாள். அக்காவின் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் அவள் கண்ணையே பார்த்தேன்.

டாக்டர் ஷமீமா சத்தம் போடாமல்தான் கேட்டார். "சார், நீங்க சீஃப் கெமிஸ்ட்டுன்னு சிஸ்டர் சொன்னாங்க. சைஃபன்னா என்னன்னு தெரியுமில்லையா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"மறந்துட்டேன்."

வார்டு முழுக்கக் கேட்டது. யாரோ ஒரு டிரெய்னி நர்ஸ் சிரித்தாள். "படிச்சவங்கதான் சார் இந்த மாதிரி பண்றது," என்றார் டாக்டர். கேஸ் ஷீட்டில் எழுதினார்கள்: நோயாளியே பாட்டிலை உயர்த்தி வைத்தார். இனி என் கட்டிலைச் சுற்றி எதையும் நான் தொடக்கூடாது என்று அக்காவிடம் பொறுப்பு ஒப்படைத்தாள் ஜெசிந்தா. "இவர நீங்கதான் பாத்துக்கிடணும்மா. ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் போகப்பிடாது." கார்டை வாங்கவில்லை.

எல்லோரும் போன பிறகு அக்கா சொன்னாள்: "உன்ன மூச்சு விட வைக்குத சாமான். எல்லாத்துக்கும் பொட்டு வச்சிருக்கா, இது மட்டும் அழுக்குத் தண்ணில அனாதையா கெடக்கு. மனசு கேக்கலல. நான் உன்னக் கொல்லப் பாத்துட்டேனே."

"மூக்கச் சிந்திட்டு வா," என்றேன். "ஒரு நிமிஷத்துல வா. பொறுப்பு உன்கிட்டதான் இருக்கு."

இதை ஏன் செய்தேன் என்று எழுத வேண்டியதில்லை. அட்டெண்டர் இல்லாமல் பாத்ரூம் போக முடியாது.


அக்டோபர் 24, செவ்வாய்

காய்ச்சல். குளிர். மதுரைக்கு அனுப்புவதை டாக்டர் தள்ளி வைத்தார். காய்ச்சலோடு அறுக்க மாட்டார்களாம். அக்கா விரதம். எந்தச் சாமிக்கு என்று சொல்ல மறுக்கிறாள்.


அக்டோபர் 25, புதன்

காய்ச்சல் இறங்கவில்லை. அத்தான் வந்தார். அந்தோணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறார்.

பழப் பையைக் கீழே வைத்துவிட்டு என் கட்டிலில் உட்கார்ந்தார். கேலி வரும் என்று காத்திருந்தேன். என் காலைப் போர்வைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டார்.

"செய்யாத தப்ப ஒத்துக்கிடுத ஆளா வே நீரு?"

"பேசாம இருங்க அத்தான்."

"பொட்டு வேற வச்சீராமே. எந்த விரலால?"

போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன். அத்தான் என்று நான் கூப்பிட்டதை அவர் கவனித்தாரா தெரியவில்லை. கவனிக்காமல் இருந்தால் நல்லது.


அக்டோபர் 27, வெள்ளி

காய்ச்சல் விட்டது. காலையில் டாக்டர் இருமச் சொன்னார். இருமினேன். இன்னும் பலமாக என்றார். பலமாக. தண்ணீர் ஏறி இறங்கியது, அவ்வளவுதான். குமிழி இல்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்: டாக்டர், ஜெசிந்தா, அந்தோணி, அக்கா.

"இன்னொரு தடவ," என்றாள் அக்கா.

இருமினேன். இல்லை.

அந்தோணி கைதட்டிவிட்டார். அவருக்கு நாளை டிஸ்சார்ஜ். இரண்டு பந்தும் இன்று மேலே ஏறின. மூன்றாவது அசைந்தது.


அக்டோபர் 30, திங்கள்

நேற்றுக் குழாயை எடுத்தார்கள். இன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் ஷமீமாவின் கட்டளைகள்: பாரம் தூக்கக்கூடாது, விமானம் கூடாது, ஊதுகிற வேலை எதுவும் ஒரு மாதத்துக்குக் கூடாது. இது திரும்ப வரக்கூடியது. தனியாக இருக்கவே கூடாது.

ஜெசிந்தா படி வரை வந்தாள். "அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சும்மா வாங்க சார். பொட்டு வைக்க நெறைய சாமான் இருக்கு," என்றாள். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்கவில்லை. அவள் சிரித்த விதத்தில் முதல் நிமிஷத்திலிருந்தே தெரியும்.

வீடு பூசணம் பிடித்த வாசனை. அக்கா ஜன்னலைத் திறந்தாள். புளியங்குடிக்கு வா என்றாள். நான் யார் வீட்டிலும் போய்த் தங்குவதில்லை என்றேன். என் வீட்டில் என் கட்டில், என் அலமாரி, என் ஒழுங்கு. வேலைக்கு ஆள் வைத்துக்கொள்வேன்.

"சரி," என்றாள். வாதாடவில்லை. வாதாடியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.


அக்டோபர் 31, செவ்வாய்

காலையில் கடைசிப் படம். நுரையீரல் முழுதாக விரிந்துவிட்டது. விளக்குக்கு எதிரே பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தன. எது அமுங்கியிருந்தது என்று தெரியாதவனால் சொல்ல முடியாது.

மதியம் அக்கா தன் பையை மடித்துக்கொண்டிருந்தாள், நாலு மணிப் பஸ்ஸுக்கு. கைப்பேசி அடித்தது. பேசிவிட்டு என்னிடம் நீட்டினாள். யார் என்று சொல்லவில்லை.

"மாமா," என்றது. "மாமா, நான் கல்யாணி."

முன்பு கல்லூரி விடுதியிலிருந்து பேசிய நாட்களிலும் இதே மாதிரிதான், 'மாமா'வை இரண்டு தடவை சொல்வாள்.

"நல்லாருக்கீங்களா மாமா?"

"எனக்கு மூச்சு முட்டுது. அப்புறம் பேசுதேன்," என்றேன்.

"பொய் சொல்லாதீங்க மாமா. அம்மா காலைலயே எக்ஸ்ரேய போட்டோ எடுத்து அனுப்பிட்டா. முழுசா விரிஞ்சிருக்கு. நான் இங்க ஒரு டாக்டர்கிட்டயும் காட்டிக் கேட்டுட்டேன்."

போனை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குப் போனேன். முகம் கழுவ வேண்டியிருந்தது. குழாயைக் கொஞ்சம் அதிகமாகவே திறந்துவிட்டேன்.

வெளியே வந்தபோது பஸ் நேரம் தாண்டிவிட்டிருந்தது. அக்கா உட்கார்ந்தே இருந்தாள். நாளைக்குப் போகலாம் என்றேன். யார் போகலாம் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.


நவம்பர் 4, சனி. புளியங்குடி

இரண்டு நாள்தான் என்று சொல்லித்தான் வந்தேன். அதனால் பெட்டியைப் பிரிக்கவில்லை. சட்டைகளை மட்டும் கொடியில் போட்டிருக்கிறேன், கசங்கக்கூடாது என்று.

காலையில் கல்யாணி தென்காசியிலிருந்து மகளோடு வந்தாள். என்னைக் கண்டதும் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். தலையில் கை வைத்தேன், எடுக்க மறந்து கொஞ்ச நேரம் வைத்திருந்தேன் போலிருக்கிறது. அத்தான் இருமினார்.

மகளுக்கு நாலு வயது. பெயர் ஆதிரை. என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, யாருடைய பிறந்தநாளிலோ கொடுத்த பலூன் பாக்கெட்டோடு என் முன்னால் வந்து நின்றாள். பச்சை பலூனை எடுத்து நீட்டினாள்.

"ஊதித் தாங்க."

"நான் ஊதக்கூடாதும்மா. டாக்டர் திட்டுவாங்க."

"ஏன்?"

"உள்ள ஓட்டை விழுந்து அடைச்சிருக்காங்க."

என் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். தழும்பை ஒரு விரலால் தொட்டாள். பஞ்சரா என்றாள். ஆமாம் என்றேன்.

"அப்ப எப்ப ஊதுவீங்க?"

"ஒரு மாசம் கழிச்சு."

பலூனைத் திரும்ப வாங்கவில்லை. என் உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"அப்ப நீங்களே வச்சிருங்க. நான் வரும்போது இங்கதான் இருப்பீங்களா?"

அடுக்களையில் அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்திச் சத்தம் நின்றது.

"இருப்பேன்," என்றேன்.

பிறகு கத்தி மறுபடியும் பலகையில் விழத் தொடங்கியது, முன்பைவிட வேகமாக.